கோட்டுக்கு வெளியே விழுந்த பந்து

பையனைப் பள்ளிக்கூட டென்னிஸ் கோஷ்டியில் சேர்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படும் தகப்பனார் என்ன செய்வார்? நல்ல மட்டையாக ஒன்று வாங்கிக் கொடுப்பார். விடியற்காலையில் எழுப்பி விடுவார். ஆட்டம் தெரிந்த ஒருவரைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்வார். ஒரு பாயிண்டைக்கூடச் சும்மா விட்டுவிடாதே என்று புத்தி சொல்லி அனுப்புவார்.

எதிராளி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் தள்ளி விழுந்தாலும், அது உள்ளே விழுந்ததாகவே வைத்துக்கொண்டு திருப்பி அடி என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்களா?

ஒரு டாக்டர் சொல்லிக் கொடுத்தார். அவரிடம் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட பையன், 1961-ம் ஆண்டு அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் தேசிய டென்னிஸ் பட்டத்தை வென்றான். பிற்பாடு விம்பிள்டன் கோப்பையையும் கையில் ஏந்தினான். அவர்தான் உலகப் புகழ் பெற்ற ஆர்தர் ஆஷ்.

வெளியே விழுந்த பந்தை உள்ளே விழுந்ததாகச் சொல்லச் சொன்னது ஏன்? பெருந்தன்மைக்காகவா? அதற்காக மட்டும் அல்ல. அதன் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

பூங்காவுக்குள் ஒரு வீடு

அமெரிக்காவின் தென் பகுதியில் இருக்கிறது விர்ஜீனியா ராஜ்யம். அதன் தலைநகரம் ரிச்மண்ட். அங்கே 1943-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி ஆர்தர் ஆஷ் பிறந்தார். தகப்பனாருக்கும் அதே பெயர்தான். பெரிய ஆர்தர் என்று சொல்லலாம்.

அந்தக் காலத்தில் ரிச்மண்டில் எல்லாம் இரண்டு இரண்டாக இருந்தன. வெள்ளையருக்கு ஒரு பள்ளிக்கூடம். கறுப்பருக்கு வேறு பள்ளிக்கூடம். பஸ்ஸில் முன் ஆசனங்கள் வெள்ளையருக்கு; பின் ஆசனங்கள் கறுப்பருக்கு. பூங்காக்களும் அப்படியே. கறுப்பர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பூங்காக்களில் பெரியது புரூக்ஃபீல்டு பூங்கா. பரப்பு 18 ஏக்கர். பெரிய ஆர்தருக்கு அந்தப் பூங்காவைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. குடியிருக்க, பூங்காவுக்கு உள்ளேயே ஒரு சிறு வீட்டையும் கொடுத்தார்கள். 1947-ல் குடும்பம் அங்கே குடிபோயிற்று.

சிறுவன் ஆர்தருக்கு அது பெரிய அதிர்ஷ்டம். வாசற்படியைத் தாண்டினால் நீச்சல் குளம், பேஸ்பால் மைதானம், நான்கு டென்னிஸ் கோர்ட்டுகள். ஆனால் பையன் ஒல்லி. கைகால் குச்சி போல இருக்கும். முரட்டு ஆட்டமான அமெரிக்கக் கால்பந்து ஆடக் கூடாது என்று தகப்பனார் தடுத்துவிட்டார்.

ஆர்தருக்கு ஆறு வயதானபோது, 1950-ல், தாயார் மாட்டி உடல் நலம் கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நீல நிற அங்கி அணிந்து வாசலில் நின்ற கோலம்தான் மகன் கண்ட கடைசிக் காட்சி. அம்மா திரும்பி வரவில்லை. அப்போது அவருக்கு வயது 27. தம்பி ஜானி கைக்குழந்தையிலிருந்து அப்போதுதான் மீண்டவன். வீட்டைக் கவனித்துக்கொள்ள ஒரு மூதாட்டி வந்து சேர்ந்தார்.

இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பெரிய ஆர்தர் ஓயாமல் உழைத்தார். பூங்கா வேலை போக, மோட்டார் ஓட்டினார், பிறர் வீட்டுத் தோட்டங்களைச் சீர் செய்தார், விருந்துகளில் பரிமாறினார். அதிகம் படிக்காதவர். ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் மிகவும் கண்டிப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வந்து சேர எத்தனை நிமிஷம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்தக் கணக்குத் தப்பக் கூடாது. ஊரில் கறுப்பர் வீட்டுப் பையன் வழியில் நின்று வேடிக்கை பார்த்தால் வீண் வம்பு வரும் என்பது அவர் அச்சம். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. 1955-ல் மிஸிஸிப்பி ராஜ்யத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினப் பையன், வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியிடம் மரியாதைக் குறைவாக நடந்ததாகச் சொல்லிக் கொலை செய்யப்பட்டான். அப்போது ஆர்தருக்கு வயது 12.

தன் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும். பெயர் கெடாமல் இருக்க வேண்டும். அந்தத் தகப்பனார் கேட்டது அவ்வளவுதான்.

முதல் குரு

பூங்காவில் ரான் சாரிட்டி என்ற கல்லூரி மாணவர் டென்னிஸ் ஆடுவார். ரிச்மண்டின் கறுப்பின ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவர். அவர் பயிற்சி செய்யும்போதெல்லாம் ஒரு சிறுவன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் அவனுக்கும் ஆசை உண்டா என்று கேட்டார். ஏழு வயதுப் பையன் தலையை ஆட்டினான்.

மட்டையைப் பிடிப்பது எப்படி, பந்து வருமுன் காலை எங்கே வைப்பது, மட்டையை எப்போது பின்னுக்கு இழுப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார் சாரிட்டி. பையனுக்கு மட்டையின் கனமே அதிகம். ஆனாலும் விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் கோர்ட்டு. இருட்டிய பிறகு வீடு. இரண்டு மூன்று வருஷத்தில் தன்னைவிடப் பெரிய பையன்களை ஜெயிக்க ஆரம்பித்தான்.

சாரிட்டி நல்ல குரு. தமக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது என்பதை அறிந்துகொண்டார். இனி இந்தப் பையன் இன்னொருவர் கைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தார். 1953-ம் ஆண்டு கோடையில், ரிச்மண்டுக்கு நூறு மைலுக்கு மேல் தொலைவில் உள்ள லிஞ்ச்பர்க் நகருக்கு அவனை அனுப்பி வைத்தார். அங்கேதான் அந்த டாக்டர் இருந்தார்.

சுழற்காற்று டாக்டர்

டாக்டர் ராபர்ட் வால்டர் ஜான்ஸன் 1899-ல் பிறந்தவர். கல்லூரி நாளில் கால்பந்து வீரர். ஆடுகளத்தில் பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்துச் சுழற்காற்று என்று பட்டப் பெயர் வைத்திருந்தார்கள். வைத்தியப் படிப்பு முடித்து லிஞ்ச்பர்க்கில் தொழில் செய்தார். அந்த ஊர்ப் பொது ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க உரிமை பெற்ற முதல் கறுப்பின டாக்டர் அவரே. டென்னிஸ் பைத்தியம். வீட்டை ஒட்டியே சொந்தக் கோர்ட்டு போட்டு வைத்திருந்தார். 1957-லும் 1958-லும் விம்பிள்டன் பட்டம் வென்ற கறுப்பின வீராங்கனை ஆல்தியா கிப்ஸனைத் தூக்கி விட்டவர்களில் அவரும் ஒருவர்.

லிஞ்ச்பர்க்குக்கு அறுபது எழுபது மைல் தூரத்தில் சார்லட்ஸ்வில் என்ற ஊர். அங்கே உள்ள விர்ஜீனியா பல்கலைக் கழகத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான தேசிய டென்னிஸ் போட்டி நடக்கும். ஒரு தடவை டாக்டர் அதைக் கண்டார். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்த பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் வெள்ளையர். கறுப்பு முகம் ஒன்றுகூட இல்லை.

டாக்டர் நேரே போட்டி நடத்துபவரிடம் போனார். எங்கள் பையன்களும் ஆடலாமா என்று விசாரித்தார். இடம் கிடைத்தது. 1951-ல் இரண்டு கறுப்பின மாணவர்கள் அங்கே போய் ஆடினார்கள். இரண்டு பேரும் முதல் சுற்றிலேயே படுதோல்வி அடைந்தார்கள்.

இன்னொருவராக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். டாக்டர் யோசித்தார். பையன்களிடம் திறமைக்குக் குறைவில்லை. வெள்ளைக்காரப் பையனுக்கு எட்டு வயதில் கிளப், கோர்ட்டு, குரு எல்லாம் கிடைத்துவிடுகின்றன. நம் பையனுக்குப் பதினாறு வயதில்தான் மட்டையே கிடைக்கிறது. கதவு திறந்திருந்து பயன் என்ன? உள்ளே போகிறவனைச் சிறு வயதிலிருந்தே தயார் செய்ய வேண்டாமா?

அன்று முதல் அந்தப் பள்ளி மாணவர் பட்டமே அவருக்கு லட்சியம் ஆயிற்று. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கறுப்பினச் சிறுவர் சிறுமியரை வீட்டில் தங்க வைத்துக்கொண்டார். சாப்பாடு, படுக்கை, பந்து, பிரயாணம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் சொந்தப் பணம்.

தோட்டத்துப் பாடம்

அங்கே பயிற்சி எப்படி? துடைப்பக் கட்டையால் டென்னிஸ் பந்தை அடிக்க வேண்டும். மெல்லிய கட்டையில் பந்து பட வேண்டுமானால் கண் அசையாமல் பந்தைப் பார்த்தாக வேண்டும். அதன் பிறகு மட்டையைக் கையில் எடுத்தால் பந்து தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். நூற்றுக் கணக்கில் பாக்ஹாண்ட் அடி. நூற்றுக் கணக்கில் சர்வீஸ். பையன்களே கோர்ட்டைச் சீர் செய்ய வேண்டும். களை பிடுங்க வேண்டும். டாக்டர் நாய்கள் வளர்த்து வந்தார். எல்லோரிலும் சிறியவனான ஆர்தருக்கு நாய்க் கூண்டைக் கழுவும் வேலை.

சாப்பாட்டு மேஜையிலும் பாடம் உண்டு. எந்த முள்கரண்டியை எப்போது எடுப்பது, பெரியவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதெல்லாம் கற்றுக் கொடுக்கப்பட்டன.

இவற்றுக்கெல்லாம் மேலான பாடம் ஒன்று இருந்தது. நடுவரோடு வாதாடக் கூடாது. மட்டையைத் தூக்கி எறியக் கூடாது. பக்கம் மாறும்போது பந்துகளைப் பொறுக்கி எதிராளி கையில் கொடுக்க வேண்டும். பள்ளிப் பையன்கள் ஆட்டத்தில் பெரும்பாலும் நடுவர் இருப்பதில்லை. அவரவர் பக்கத்துக் கோட்டுக்கு அவரவரே நீதிபதி. ஆகையால் கோட்டுக்கு வெளியே இரண்டு அங்குலத்துக்குள் விழுந்த பந்தையெல்லாம் உள்ளே விழுந்ததாகவே வைத்துக்கொண்டு ஆட வேண்டும்.

காரணம் இதுதான். கறுப்பினப் பையன் ஒரு சந்தேகப் பந்தை வெளியே என்று சொன்னால், அவன் ஏமாற்றுக்காரன் என்பார்கள். ஒரு தடவை குரல் உயர்த்தினால், காட்டுமிராண்டி என்பார்கள். அதையே சாக்காக வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். அவன் பின்னால் வருகிற பத்துப் பேருக்கும் வழி அடைபட்டுப் போகும். அந்தச் சாக்கை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. இரண்டு அங்குலத்தை விட்டுக் கொடுத்தும் ஜெயிக்கிற அளவுக்குக் கையில் சரக்கு இருக்க வேண்டும்.

இது நியாயமான ஏற்பாடா? இல்லவே இல்லை. ஒரு குழந்தை தன் கோபத்தை விழுங்கிக்கொண்டு, பிறத்தியான் செய்யும் அநீதிக்குத் தான் வட்டி கட்டுவது எப்படி நியாயமாகும்? டாக்டருக்கு இது தெரியாததல்ல. ஆனால் அன்றைய விர்ஜீனியாவில் அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

தகப்பனார் வந்தார்

லிஞ்ச்பர்க்குக்கு வந்த புதிதில் ஆர்தர் அங்கே நிலைத்திருப்பானா என்பதே சந்தேகமாகிவிட்டது. டாக்டரின் மகன் பயிற்சி கொடுக்கையில், மட்டை பிடிக்கும் முறையை மாற்றச் சொன்னார். பத்து வயதுப் பையன் மறுத்துவிட்டான். சாரிட்டி ஸார் இப்படிச் சொல்லித் தரவில்லையே என்று சாதித்தான். குரு பக்திதான். ஆனாலும் பிடிவாதம் பிடிவாதமே.

டாக்டர் ரிச்மண்டுக்குத் தகவல் அனுப்பினார். பெரிய ஆர்தர் மோட்டாரை எடுத்துக்கொண்டு நூறு மைல் தாண்டி வந்து சேர்ந்தார். பையனை அழைத்துக்கொண்டு போக வந்தவர் போலத்தான் இருந்தது. ஆனால் அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. இப்போது உனக்குச் சொல்லித் தருகிறவர் டாக்டர்; அவர் சொல்கிறபடி நட என்று நாலே வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆர்தர் மறு பேச்சுப் பேசவில்லை. 1960 வரை ஒவ்வொரு கோடையிலும் லிஞ்ச்பர்க்குக்குப் போனான்.

இதில் பெரிய ஆர்தரின் மனசையும் பார்க்க வேண்டும். டென்னிஸ் அவருக்குத் தெரியாது. பிள்ளையை இன்னொருவர் கையில் ஒப்படைத்த பிறகு குறுக்கே நிற்கவில்லை. குருவுக்கும் சீடனுக்கும் நடுவே தகப்பனார் நுழைந்து ஆளுக்கொரு யோசனை சொன்னால் பையன் இரண்டும் கெட்டான் ஆகிவிடுவான் என்பது அந்தப் படியாத மனிதருக்குத் தெரிந்திருந்தது.

மூடிய கதவுகள்

கறுப்பினத்தார் தங்களுக்கென்று நடத்தி வந்த அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் போட்டியில், 1955-ல் 12 வயதுக்கு உட்பட்டோர் பட்டத்தை ஆர்தர் வென்றான். ஆனால் சொந்த ஊரில்? ரிச்மண்டின் பர்ட் பூங்காவில் வெள்ளையர் பையன்களுக்குப் போட்டி நடந்தது. ஆர்தர் விண்ணப்பம் போடப் போனான். உள்ளே விடவில்லை. தேசத்தின் மிகச் சிறந்த இளம் ஆட்டக்காரர்களில் ஒருவன், தன் ஊர்ப் பூங்காவில் தன் வயதுப் பையனோடு பந்து தட்ட முடியவில்லை.

மழைக்காலம், பனிக்காலம் வந்தால் இன்னும் மோசம். ரிச்மண்டில் கூரைக்குள் இருந்த கோர்ட்டுகளில் கறுப்பருக்கு இடம் இல்லை. வருஷத்தில் பாதி நாள் பயிற்சியே கிடையாது. எதிரில் நிற்கும் பையனோ பன்னிரண்டு மாதமும் ஆடுகிறவன்.

டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். மிஸ்ஸௌரி ராஜ்யத்தில் ஸெயின்ட் லூயி நகரம். அங்கே ரிச்சர்டு ஹட்லின் என்ற பள்ளி ஆசிரியர் அவருடைய நண்பர். ஸம்னர் உயர்நிலைப் பள்ளியில் டென்னிஸ் பயிற்சியாளரும் அவரே. வாலிபத்தில் சிக்காகோ பல்கலைக் கழக டென்னிஸ் கோஷ்டிக்குத் தலைவராக இருந்தவர். பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்துக்கு ஆர்தரைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டார்.

1960-ல், 17 வயதில், ஆர்தர் வீட்டை விட்டுக் கிளம்பினான். தாயில்லாத பிள்ளை. தகப்பனாரையும் தம்பியையும் பிரிந்து தெரியாத ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. சொந்த ஊரில் ஆட இடம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக.

ஸெயின்ட் லூயியில் ராணுவக் கட்டடம் ஒன்றின் மரத் தரையில் பனிக்காலத்திலும் டென்னிஸ் ஆடலாம். மரத் தரையில் பந்து மின்னலாகப் பறக்கும். பின்னால் நின்று நிதானமாக அடிப்பதற்கு நேரம் இல்லை. ஆகையால் ஆர்தர் தன் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டான். வேகமாக சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடிப் பந்தைத் தரையில் விழுமுன் அடிக்கும் வித்தையைக் கற்றான். படிப்பையும் விடவில்லை. வகுப்பில் முன் வரிசை மாணவனாகவே தேறினான்.

பத்து வருஷத்துப் பயன்

1961 ஜூன் மாதம். சார்லட்ஸ்வில். அதே பள்ளி மாணவர் தேசியப் போட்டி. பத்து வருஷத்துக்கு முன் இரண்டு கறுப்பினப் பையன்கள் முதல் சுற்றோடு திரும்பிய அதே இடம்.

ஸம்னர் பள்ளியின் சார்பில் ஆர்தர் ஆஷ் களத்தில் இறங்கினான். ஒல்லியான உருவம், கண்ணாடி அணிந்த முகம். முதல் சுற்று ஜெயம். அடுத்த சுற்று ஜெயம். இறுதி ஆட்டமும் ஜெயம். ஒரு செட்டைக்கூட யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. அந்தப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பின மாணவன் அவனே.

டாக்டர் எடுத்துக்கொண்ட சபதம் நிறைவேறியது. அவருக்கு அப்போது வயது 62.

பல்கலைக் கழகங்கள் கூப்பிட்டன. கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பல்கலைக் கழகம் ஸ்காலர்ஷிப் கொடுத்தது. 1963-ல் அமெரிக்க டேவிஸ் கோப்பைக் கோஷ்டியில் இடம் பெற்ற முதல் கறுப்பர் ஆனார். 1965-ல் கல்லூரி மாணவர் தேசியப் பட்டம். 1966-ல் வியாபார நிர்வாகத்தில் பட்டதாரி. பிறகு ராணுவத்தில் லெப்டினன்ட்.

ராணுவத்தில் இருந்தபடியே 1968-ல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் ஆடினார். இறுதி ஆட்டத்தில் ஹாலந்து வீரர் டாம் ஆக்கரை ஐந்து செட்டுகளில் வென்றார். முதல் செட் மட்டும் 14-12 வரை நீண்டது. சம்பளத்துக்கு ஆடாத அமெச்சூர் என்பதால், பரிசுப் பணமான 14,000 டாலர் தோற்ற ஆக்கருக்குப் போயிற்று. ஜெயித்த ஆஷுக்குக் கிடைத்தது தினப்படி 20 டாலர்! பரிசளிப்பின்போது பெரிய ஆர்தர் மைதானத்துக்குள் வந்து நின்றார். மகன் தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டதும் அந்தக் கண்டிப்பான மனிதர் அழுதுவிட்டார்.

மௌனத்தின் பலம்

1975-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி. விம்பிள்டன் இறுதி ஆட்டம். எதிரே ஜிம்மி கானர்ஸ். வயது 22. முந்தைய வருஷத்துச் சாம்பியன். அந்தப் போட்டியில் அதுவரை ஒரு செட்டும் இழக்காதவர். ஆஷுக்கு 32 வயது நிரம்ப ஐந்து நாள்தான் பாக்கி. பந்தயம் கட்டியவர்கள் எல்லோரும் கானர்ஸ் பக்கம். போதாக் குறைக்கு, ஆஷ் மீது கானர்ஸ் மான நஷ்ட வழக்கும் போட்டிருந்தார்.

வேகத்துக்கு வேகம் கொடுத்தால் கானர்ஸை ஜெயிக்க முடியாது. எதிராளியின் வேகத்தையே தமக்குப் பலமாக்கிக்கொள்கிறவர் அவர். ஆகவே ஆஷ் தமக்குப் பழக்கமான அதிரடி ஆட்டத்தை மூட்டை கட்டி வைத்தார். பந்தை மெதுவாக அனுப்பினார். தாழ்வாக அனுப்பினார். கானர்ஸ் வலைக்கு வந்தால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டார். பக்கம் மாறும் இடைவேளைகளில் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சிலை போல உட்கார்ந்திருந்தார். 6-1, 6-1, 5-7, 6-4. விம்பிள்டன் ஆண்கள் பட்டம் வென்ற முதல் கறுப்பர் ஆனார் ஆர்தர் ஆஷ்.

துடைப்பக் கட்டையால் பந்தடித்த தோட்டத்தில், சத்தம் போடாதே, நிதானம் தவறாதே என்று கற்ற பாடம் அன்று கோப்பை வாங்கிக் கொடுத்தது. ஆனால் அதைப் பார்க்க டாக்டர் ஜான்ஸன் இல்லை. 1971-லேயே காலமாகிவிட்டார்.

வாய் திறந்த பிள்ளை

எப்போதும் வாதாடாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளை கடைசிவரை வாய் மூடியே இருந்துவிட்டாரா? இங்கேதான் ஆஷின் வாழ்க்கை வெறும் ஆட்டக்காரரின் வாழ்க்கையிலிருந்து உயர்கிறது.

1960-களில் கறுப்பின இளைஞர்கள் உரிமைக்காகத் தெருவில் இறங்கினார்கள். ஆஷ் அடக்கமாக இருக்கிறார் என்று அவரைக் குறை கூறினார்கள். அவருக்கும் அது மனசில் தைத்தது. தாம் பேச வேண்டிய இடம் எது என்று தேடினார். நிறவெறி ஆட்சி நடந்த தென் ஆப்பிரிக்கா 1970-ல் அவருக்கு விசா மறுத்தது. விடாமல் கேட்டு 1973-ல் போனார். பார்வையாளர்களை நிறம் பிரித்து உட்கார வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டு ஆடினார். 1985-ல் வாஷிங்டனில் தென் ஆப்பிரிக்கத் தூதரகத்துக்கு எதிரே ஆர்ப்பாட்டம் செய்து கைதானார். நடுவரோடு வாதாடாதவர், அரசாங்கங்களோடு வாதாடினார். தமக்காக ஓர் அங்குலத்துக்கும் சண்டை போடாதவர், பிறருக்காகப் போலீஸ் வண்டியில் ஏறினார்.

1969-லேயே, ஏழைக் குழந்தைகளுக்கு ஊர்ப் பூங்காக்களில் டென்னிஸ் கற்றுத் தரும் அமைப்பு ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து ஆரம்பித்தார். தமக்கு ஒரு சாரிட்டி கிடைத்தார். ஒரு டாக்டர் கிடைத்தார். கிடைக்காத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை அவர் மறக்கவில்லை.

1977-ல் ஜீன் என்ற புகைப்படக் கலைஞரை மணந்தார். அந்த அம்மையாரின் குடும்பப் பெயர் தமிழர்களுக்கு வியப்பாக இருக்கும்: முத்துசாமி! பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட குவாதலூப் தீவுக்கு, 19-ம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்காகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழர்கள் பலர் கப்பலேறினார்கள். முத்துசாமி என்ற பெயர் அந்தத் தீவில் அப்படி வேரூன்றியதுதான். ஜீனின் தந்தை வழி அந்தத் தீவிலிருந்து வந்தது. இந்தத் தம்பதிகள் ஒரு பெண் குழந்தையைத் தத்து எடுத்து வளர்த்தார்கள்.

கடைசி ஆட்டம்

1979-ல், 36 வயதில், ஆஷுக்கு மாரடைப்பு வந்தது. இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. ஆட்டத்திலிருந்து விலகினார். டேவிஸ் கோப்பைக் கோஷ்டிக்குத் தலைமை தாங்கி 1981-லும் 1982-லும் கோப்பையை அமெரிக்காவுக்கு வாங்கித் தந்தார். நடுவர்களோடு சண்டை போடுவதில் பெயர் பெற்ற ஜான் மெக்கென்ரோ அவருடைய கோஷ்டியில்தான் ஆடினார்! இரண்டு அங்குலத்தை விட்டுக் கொடுத்து வளர்ந்தவருக்கு அது பெரிய சோதனை.

1983-ல் இரண்டாவது ஆபரேஷன். அப்போது ஏற்றிய ரத்தத்தில் எய்ட்ஸ் கிருமி கலந்திருந்தது. ரத்தத்தில் அதைச் சோதித்துப் பார்க்கும் முறை அப்போது இல்லை. 1988-ல்தான் விஷயம் தெரிந்தது. மூன்று பாகங்களில் கறுப்பின விளையாட்டு வீரர்களின் சரித்திரத்தை அவர் எழுதி வெளியிட்டதும் அந்த வருஷம்தான். 1992-ல் ஒரு பத்திரிகை விசாரிக்கத் தொடங்கியதால் நோயை வெளியில் சொல்ல நேர்ந்தது. மகளைப் பற்றிப் பேச வந்தபோது மட்டும் அவர் குரல் அடைத்துக்கொண்டது. அதே வருஷம், ஹைட்டித் தீவு அகதிகளுக்காக வெள்ளை மாளிகை முன் ஆர்ப்பாட்டம் செய்து மறுபடியும் கைதானார். 1993 பிப்ரவரி 6-ந் தேதி, 49-ம் வயதில், நியூயார்க்கில் காலமானார். ரிச்மண்டில் தாயாரின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் பந்தடித்துப் பழகிய புரூக்ஃபீல்டு பூங்கா இன்று இல்லை. அந்த இடத்தில் தபால் ஆபீஸ் வந்துவிட்டது. ஆனால் ரிச்மண்டின் பெரிய வீதி ஒன்றில் 1996-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதிகளின் சிலைகள் வரிசையாக நின்ற வீதி அது. அந்தத் தளபதிகளின் சிலைகள் 2020-லும் 2021-லும் அகற்றப்பட்டன. ஆஷின் சிலை நிற்கிறது. சிலையின் ஒரு கையில் டென்னிஸ் மட்டை. மறு கையில் புத்தகங்கள். மட்டையைவிடப் புத்தகங்களே உயரத்தில் இருக்கின்றன. காலடியில் குழந்தைகள் அண்ணாந்து பார்த்து நிற்கிறார்கள்.

பிள்ளையைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிற பெற்றோர்கள் அந்தச் சிலையை மனசில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம். மட்டையை யாரும் வாங்கிக் கொடுக்கலாம். பந்தை எப்படி அடிப்பது என்பதையும் யாரும் சொல்லித் தரலாம். அடிக்காமல் இருப்பது எப்போது, பேசாமல் இருப்பது எப்போது, பேசியே தீர வேண்டியது எப்போது என்பதைக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கோஷ்டியில் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நஷ்டம் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்துகிற ஊருக்குத்தான் நஷ்டம்.